தொண்டை கட்டிய பூனை

எங்கள் பூனை என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் மீன்காரரின் சைக்கிள் ஹாரன் தெருமுனையில் கேட்டால் அதன் குரல் நீண்டு, கடைசியில் மேலே ஏறும். கதவைத் திறக்கச் சொல்வது குட்டையாக, அதட்டலாக இருக்கும். என் மகள் பள்ளி விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது வாயைத் திறக்காமலே தொண்டைக்குள் ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை எனக்கு ஒருநாளும் போட்டதில்லை. சோறு வைப்பவள் நான், சத்தம் அவளுக்கு.

காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். சூளையிலிருந்து வரும் பொம்மைகளைச் சோதித்து, நல்லதைப் பெட்டிக்கு அனுப்புவது என் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். பொம்மையை இடது கையில் தளர்வாகப் பிடித்து விரல் முட்டியால் தட்டினால் நல்ல பீங்கான் மணி மாதிரி ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் டொக்கென்று அடங்கிவிடும். ஒலி மாறினால் பொருள் பழுது. வேறு அர்த்தம் கிடையாது. டிகிரி படித்தவள் பொம்மை தட்டுகிறாளே என்று சொந்தக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். ஆனால் நான் ஒதுக்கிய பொம்மை ஒன்றுகூடத் தப்பாக ஒதுக்கப்பட்டதில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் பூனையின் குரலையும் கேட்டேன்.

கம்பெனியின் பின்சுவரை ஒட்டிய வாடகை வீட்டில் நானும் மகளும் இருந்தோம். என் வீட்டுக்காரர் சவூதியில் டிரைவர். அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு செல்போன் வந்திருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண், நாலாம் வகுப்பு. அவள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும் என்று அவர் போனில் கேலி செய்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் மாடிப்படி ஏறினால் கீழே கைகளை விரித்து நிற்பவள் நான். சாயங்காலம் நான் வேலை முடிக்கும்வரை அவள் பெட்டி கட்டும் கொட்டகையில், வைக்கோல் போர் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பூனையும் கூடவே வந்து படுக்கும்.

அந்தக் கொட்டகையில்தான் அது குட்டி போட்டது. வைக்கோலுக்குப் பின்னால் மூன்று. ஒரு மாதம் இருக்கும், தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தன. ஒருநாள் போய்ப் பார்த்தால் இடம் காலியாக இருந்தது. பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் தேடவில்லை, நானும் தேடவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. வேப்பூர் பொம்மைக்கடைக்குப் போக வேண்டிய பெட்டிகளுக்கு மறுநாள் வருவதாகச் சொன்ன மினி லாரி ஒரு நாள் முன்னாலேயே வந்து நின்றது. அவசரமாகப் பெட்டிகளை மூடச் சொன்னேன். பலகைச் சட்டங்கள் வைத்து ஆணி அடிக்கும் பெட்டிகள் அவை. உள்ளே பொம்மை, பொம்மைக்கு மேல் வைக்கோல். ஆணி அடிக்க அடிக்கப் பூனை காலுக்குள் புகுந்து கத்திக்கொண்டே இருந்தது. வண்டி கிளம்பும்போது பின்பலகையில் தாவப் பார்த்தது. பக்கத்தில் கிடந்த ஈரமண் உருண்டையை எடுத்து அதன் மேல் எறிந்தேன். எனக்கு வேலை ஓடவில்லை, அதுதான் காரணம்.

புதன் முழுக்கக் கத்தியது. கேட் பக்கம், தெரு, மறுபடி கொட்டகை என்று ஓர் இடத்தில் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த குரல் எதுவும் அதில் இல்லை. வியாழன் அந்தக் குரல் கரகரத்தது. வெள்ளிக்கிழமை காலையில் காய்ந்த மூங்கிலைப் பிளப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது. மீன் வைத்தேன், மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

எங்களிடம் பெட்டி கட்டும் அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவர்தான் வைக்கோலைத் திரித்துக்கொண்டே சொன்னார்.

"பாயம்மா, அந்தப் பூனை கொரலு நல்லால்ல. எங்க நாத்தனா வூட்டு நாய்க்கு வெறி வந்தப்ப மொதல்ல கொரலுதான் மாறிச்சு. தீனியும் எடுக்கல. புள்ளய கிட்ட உடாதீங்க."

அதன் பிறகு எத்தனை பொம்மை தட்டினேன், என்ன கேட்டேன் என்று நினைவில்லை. நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். மகளுக்கு எப்போதும் போலச் சடை பிரித்து எண்ணெய் தடவினேன். அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், வெயில் காலத்தில். கையை மேலே தூக்கச் சொன்னபோது தூக்கவில்லை. நானே சட்டைக் கையை ஏற்றினேன். முழங்கைக்குக் கீழே மூன்று கோடுகள், காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன.

"என்னடி இது?"

"முள்ளு."

"எந்த முள்ளு மூணு கோடு போடும்?"

சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள். "பூனைதான். செவ்வாக்கெழம. நான்தான் தூக்கப் போனேன், அது மேல தப்பில்ல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்களாம், வகுப்பில் ஒரு பெண் சொன்னாளாம். அதைச் சொல்லும்போதே வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

குழாயடியில் உட்கார வைத்து, பொருக்கு நனைந்து ஊறும்வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அவள் வலிக்குது என்று சொன்ன பிறகும் கழுவினேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனதில் நாட்களை எண்ணிக்கொண்டே போனேன். செவ்வாய், புதன், வியாழன். நான் தோசை சுட்டேன், பரீட்சைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னேன், தூங்கினேன். மூன்று நாள் அவள் கையில் அது இருந்திருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். இப்போதெல்லாம் வயிற்றில் போடுவதில்லை, கையில்தான் என்று மகளிடம் முதலில் சொன்னார். அவள் முகத்தில் அதுவரை இருந்த இறுக்கம் தளர்ந்தது. பிறகு என்னைத் தனியாக அழைத்து விளக்கினார். இன்று ஓர் ஊசி, மூன்றாம் நாள் ஒன்று, அப்படியே மொத்தம் ஐந்து. பூனையைத் துரத்திவிட வேண்டாம், கொல்லவும் வேண்டாம், கட்டிவைத்துப் பாருங்கள் என்றார். கீறியபோது அதற்கு நோய் இருந்திருந்தால் பத்து நாளைக்குள் செத்துவிடும். பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால் பயமில்லை. குரல் மாறியிருக்கிறது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அதனாலதான் பாக்கச் சொல்றேன்" என்றார். அந்த ஒரு வரியை வீடு வரும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பூனையைப் பிடித்தது பெட்டி கட்டும் அக்காதான். இரண்டு கோணிகளை ஒன்றாகப் போட்டு அமுக்கி, பொம்மை அனுப்பும் சட்டப் பெட்டி ஒன்றுக்குள் இறக்கினார். உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டதற்கு, "நானும் பயந்தா யாரு புடிக்கிறது, நீங்களா" என்றார். நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன்.

கால்நடை டாக்டர் சட்ட இடுக்கு வழியாகவே ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீர் வைத்தார், பூனை குடித்தது. வெறி வந்தாலும் குரல் மாறும், சளி பிடித்தாலும் மாறும், அளவில்லாமல் கத்தினாலும் மாறும், வெறும் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார். ஒலியை வைத்துச் சொல்ல முடியாது என்று ஒருவர் என்னிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. குட்டி போட்டிருந்ததா என்று கேட்டார். போட்டது, இடம் மாற்றிவிட்டது என்றேன். அவரும் தலையாட்டினார்.

வீட்டின் பின்பக்கக் குளியலறையில் பெட்டியை வைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். நாங்கள் முன்பக்கம் வாளி வைத்துக் குளித்தோம். பள்ளி, வீடு, கம்பெனி, இந்த மூன்றுக்கும் நடுவில் என் காது மட்டும் அந்தக் கதவிலேயே இருந்தது. சத்தம் வந்தால் பயம். வராவிட்டால் செத்துவிட்டதோ என்று இன்னும் பெரிய பயம். தினமும் ஏழெட்டுத் தடவை ஓடிவந்து பார்ப்பேன். இடுக்கு வழியாக என்னைப் பார்த்து வாயைத் திறக்கும். பல்லும் நாக்கும் தெரியும். ஒன்றும் வராது. தண்ணீர்க் கிண்ணத்தில் அளவு குறைந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். குறைந்திருந்தால் நான்தான் சிந்திவிட்டேனோ என்று சந்தேகம் வரும். கம்பெனியில் தட்டிய பொம்மையெல்லாம் பழுதாகக் கேட்டது. ஒருநாள் நல்ல பொம்மைகளை ஒரு கூடை ஒதுக்கிவிட்டேன், அக்காதான் மறுபடி தட்டிப் பார்த்து எடுத்து வைத்தார்.

என் வீட்டுக்காரர் போன் செய்தபோது எதுவும் சொல்லவில்லை. அவர் அங்கே வண்டி ஓட்ட வேண்டும். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றார். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். பக்கத்து வீட்டு மாமி, பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடு என்றார். வாங்கி வந்து கொடுத்தேன். ஊசியும் போட்டேன். எதையும் விடுகிற நிலையில் நான் இல்லை.

இதை எழுதும்போதும் அந்த நாட்களை மறுபடி விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன். இத்தனைக்கும் முடிவு எனக்குத் தெரியும்.

மகள் ரொம்பவும் அமைதியாகிவிட்டாள். ஊசிக்கு அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் குடிக்கும்போது உற்றுப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறாளா என்று கவனித்தேன். அவள் எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம், நான் கம்பெனியிலிருந்து வழக்கம்போல் ஓடிவந்தபோது பின்பக்கம் பேச்சு கேட்டது. குளியலறைக் கதவுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கதவின் அடி இடுக்கில் வாயை வைத்து அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"கத்தாத. தொண்ட வலிக்கும். லாரி திரும்பி வரும். வந்தா நானே எறக்கிக் குடுக்கறேன்."

அவளைத் தூக்கி நிறுத்தினேன். எந்த லாரி என்று கேட்டேன். அப்போதுதான் எல்லாம் வந்தது. செவ்வாய்க்கிழமை கொட்டகைக்குள் ஒரு தெருநாய் நுழைந்திருக்கிறது. இவள் பயந்துபோய்க் குட்டிகளை எடுத்து, பாதி கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியில், மேல் வைக்கோலுக்குள் வைத்துவிட்டாள். லாரி நாளைக்குத்தான் வரும், மூடியும் நாளைக்குத்தான் அடிப்பார்கள் என்று நினைத்தாள். நாயை விரட்டச் சொல்லி வாட்ச்மேனைத் தேடிப் போய்த் திரும்பும்போது பெட்டிகளோடு வண்டி கிளம்பியிருந்தது. வண்டிக்குப் பின்னால் ஓடிய பூனையைச் சக்கரத்தில் மாட்டாமல் பிடிக்கப் போய்த்தான் கீறல் வாங்கினாள்.

நான் மூடச் சொன்ன பெட்டி. நான் எறிந்த மண் உருண்டை.

"என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ பயந்துடுவ."

"பயந்தா என்ன? நான் பெரியவ. பயந்துட்டுப் போறேன்."

"நீ பயந்தா எனக்கு வயிறு வலிக்குதும்மா" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. பாடத்தில் ஒரு விடையைச் சொல்வது போலச் சொன்னாள்.

வேப்பூர் கடைக்குப் போன் செய்தேன். நெடுஞ்சாலை ஓரமாகப் பொம்மைகளைப் பரப்பி விற்பவர் அவர். நான் பெட்டி என்று ஆரம்பித்ததுமே அவர் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? பொம்ம கேட்டா உசுரோட அனுப்பி வச்சிருக்கீங்க. வியாழக்கெழமதாம்மா பெட்டிய ஒடைச்சோம். ஒண்ணு செத்துக் கெடந்துது. ஒண்ண மணிலாக்கொட்ட லோடு ஏத்தினு வந்த லாரிக்காரரு கேட்டு வாங்கினு போயிட்டாரு. ஒண்ணு இங்க டீக்கடைல இருக்குது."

செவ்வாய்க்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். டீக்கடைக்காரர் குட்டியை ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். வந்த அன்று கத்தோ கத்தென்று கத்தியதாம், இப்போது பாலில் நனைத்த பன் தின்கிறதாம். கொடுக்க அவருக்கு மனதில்லை என்பது தெரிந்தது. இரண்டு டீ குடித்தோம். செத்த குட்டியைப் பற்றி மகள் கேட்டாள். கடைக்குப் பின்னால் புளியமரத்தடியில் புதைத்ததாகச் சொன்னார். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பும் பஸ்ஸில் மடியில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

காரணம் தெரிந்துவிட்டது. பூனை குட்டிகளைத் தேடி மூன்று நாள் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. சோறு இறங்காததற்கும் அதுதான் காரணம். எல்லாம் பொருந்தியது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அடுத்த ஊசிக்குக் காத்திருக்காமல், பஸ் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னேன். நல்ல செய்திதான், ஆனால் பத்து நாள் கணக்கு மாறாது என்றார். குட்டியைத் தேடுகிற பூனைக்கு நோய் இருக்காது என்று எந்தச் சட்டமும் இல்லையே என்று நானும் நினைத்தேன்.

குட்டியை முன்னறையில் வைத்தேன். அது கத்த ஆரம்பித்ததும் வீட்டின் பின்பக்கத்திலிருந்து பதில் வந்தது. குரல் என்று சொல்ல முடியாது. தொண்டைக்குள் எதையோ உருட்டுவது மாதிரி, நடுவில் அறுந்து, மறுபடி தொடர்ந்தது. மகள் என்னைப் பார்த்தாள்.

"கூப்புடுதும்மா."

"தெரியுது."

"அப்ப உடேன்."

"வெள்ளிக்கெழம வரைக்கும் பொறு."

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் நடுக்கதவோரம் வைத்தாள். அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. அந்த மூன்று நாள் இரண்டு பக்கத்துச் சத்தத்துக்கும் நடுவில் நான் சமைத்தேன். புதன்கிழமை பூனை மீனைத் தின்றது. வியாழன் கிண்ணத்தை நக்கி வைத்திருந்தது. நோயில்லை என்று என் அறிவு சொன்னது. நம்பவும் நம்பினேன். நம்பிய பிறகும் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் மகள் காலண்டரில் விரல் வைத்து எண்ணிக் காட்டினாள். சாயங்காலம் வரை போகட்டும் என்றேன். சாயங்காலம், எதற்கும் இன்னொரு நாள் இருக்கட்டும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் பாயை விரித்தாள். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அவளுக்குப் பள்ளி இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் எந்தப் பக்கமிருந்தும் சத்தம் இல்லை. பின்னால் ஓடினேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. பெட்டியின் மேல்சட்டம் இரண்டு கழன்று கிடந்தன, பக்கத்தில் என் இரும்புக் கரண்டி வளைந்து கிடந்தது. ஈரமில்லாத மூலையில் பூனை பக்கவாட்டில் படுத்திருந்தது. குட்டி அதன் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி, முழங்காலைக் கட்டிக்கொண்டு என் மகள்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது, அடித்திருக்கவும் கூடும். அவள் மெதுவாக எழுந்து வெளியே வந்தாள். நான் கேட்பதற்கு முன்னால் இரண்டு கைகளையும் என் முன் நீட்டினாள். உள்ளங்கையைக் காட்டி, திருப்பிப் புறங்கையைக் காட்டி, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள்.

"எங்கியும் கீறல. பாத்துக்க."

அவளை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போனேன். ஒவ்வொரு விரலாக, விரல் இடுக்காகப் பார்த்தேன். பழைய மூன்று கோடுகள் வெளுத்துப்போயிருந்தன. காலையும் பார்த்தேன், கழுத்தையும் பார்த்தேன். நான் முடிக்கும்வரை அசையாமல் நின்றாள். முடித்ததும், "வேணும்னா இன்னொரு தடவ பாத்துக்கம்மா" என்றாள்.

பார்த்தேன்.